ஏழாம் நம்பர் ஜெர்சி

அத்தியாயம் 14

பந்தியில் பாயசம் வருவதற்குள் இலையை மூடிவிட்டு எழுந்து போன கலைமணியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நல்ல சேமியாப் பாயசம். அதையும் விட்டுவிட்டுப் போனான் என்றால் கோபம் எவ்வளவு இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கோபம் அவனுடைய அக்கா வெற்றிச்செல்வி மேல். ஜெயங்கொண்டத்தில் பி.டி. டீச்சர். ஒரு காலத்தில் பல்கலைக்கழக அணிக்காகக் கபடி ஆடியவள். புதிதாகத் தொடங்கியிருக்கும் கொள்ளிடம் கபடி லீக்குக்கு இந்தப் பகுதியிலிருந்து ஆள் பார்த்துச் சொல்லும் பொறுப்பு அவளுடையது. நாளை, ஞாயிற்றுக்கிழமை, பெரம்பலூரில் டிராஃப்ட். ஆறு அணிக்காரர்களும் மேசை போட்டு உட்கார்ந்து, பட்டியலில் இருக்கும் இளவட்டங்களை முறை வைத்து ஒவ்வொருவராக எடுத்துக்கொள்வார்கள். ஒரு பகுதிக்கு ஒரே ஒரு பெயர்தான்.

அந்த ஒரு பெயருக்கு அவள் கங்கைகொண்ட சோழபுரத்து அணியின் பூவரசனைத் தேர்ந்தெடுத்திருந்தாள். அதே அணியில் இருக்கும் தம்பி மகன் அறிவரசனை அல்ல.

“அவன் ஆடி நான் பாக்கலயேடா. எப்பப் போனாலும் பெஞ்சுலதான ஒக்காந்திருக்கான்” என்றாள் பந்தியில்.

“பாத்துட்டே பாக்கலங்கிறியேக்கா” என்று சொல்லிவிட்டுத்தான் கலைமணி இலையை மூடினான். அதற்குப் பிறகு இரண்டு வாரமாகப் பேச்சு இல்லை.

கோபத்தில் ஆயிரம் வரும், அதில் இதுவும் ஒன்று என்று வெற்றிச்செல்வி அந்த வார்த்தையை ஒதுக்கிவிட்டாள். ஒதுக்கியிருக்கக் கூடாது.

சனிக்கிழமை மதியம். மாலை ஆறு மணிக்குள் பெயரையும் குறிப்பையும் பெரம்பலூருக்கு அனுப்ப வேண்டும். பூவரசனின் அம்மாவிடம் கையெழுத்து வாங்குவது மட்டும்தான் பாக்கி. கிளம்பும் முன் வெற்றிச்செல்வி தன் நோட்டை இன்னொரு முறை புரட்டினாள்.

‘7. இடது மூலை. பூவரசன்’ என்று தலைப்பு. அதன் கீழே மூன்று ஆட்டங்களைப் பார்த்து எழுதிய ஒன்பது வரிகள்.

உடையார்பாளையத்திலும் ஆண்டிமடத்திலும் நேரில் போய்ப் பார்த்தவை முதல் இரண்டும். ‘பிடி உறுதி. ரைடரைத் தொடையோடு சேர்த்துத் தூக்கிவிடுகிறான்.’ ‘வலது கை முந்துகிறது.’ ‘அவசரம். முன்னதாகப் பாய்ந்து இரண்டு பாயிண்ட் விட்டான்.’

மூன்றாவது, திருமானூர் இறுதி ஆட்டம். அன்று அவளுக்குப் பரீட்சை வேலை. அணிச் செயலாளர் வீடியோ அனுப்பியிருந்தார். கரும்பு லாரியின் மேல் ஏறி நின்று யாரோ எடுத்தது. மனிதர்கள் சுண்டுவிரல் உயரத்துக்குத் தெரிந்தார்கள், முகம் தெரியாது, ஆனால் முதுகில் நம்பர் நன்றாகத் தெரியும். அதைப் பார்த்து எழுதிய வரிகளில்தான் அவளுடைய பேனா துள்ளியிருந்தது. ‘அவசரம் போயே போச்சு! ரைடரின் கால் தரையை விட்டு எழும்வரை காத்திருந்து கணுக்காலைப் பிடிக்கிறான்.’ ‘இடது கை முந்துகிறது. ஆக, இரண்டு கையும் பழக்கம்!!’

மூலையில் நிற்பவன் பெரும்பாலும் ஒரு கைக்காரனாகத்தான் இருப்பான். இரண்டு கையும் வருகிற பையனை அவள் இருபது வருடத்தில் பார்த்ததில்லை. அதற்காகவே பூவரசனைத் தேர்ந்தெடுத்தாள்.

வீடியோவைப் பன்னிரண்டாம் முறையாக ஓட்டினாள். ஏழாம் நம்பர் குனிந்து நிற்கிறான். இடது கை தரையைத் தொடுவதுபோல் தாழ்ந்திருக்கிறது. எப்படி இரண்டே வாரத்தில் கை மாறும்? யார் சொல்லிக்கொடுத்தார்கள்? கேட்டே ஆக வேண்டும் என்று நினைத்துக்கொண்டு ஸ்கூட்டியை எடுத்தாள். சந்தேகம் இல்லை, வெறும் ஆர்வம்தான்.

கங்கைகொண்ட சோழபுரத்தில் பூவரசனின் வீட்டு வாசலில் முந்திரிக்கொட்டை காய்ந்துகொண்டிருந்தது. அவன் அம்மா ஜெயசித்ரா அதைத் தாண்டி ஓடிவந்து வரவேற்றாள்.

“வாங்க டீச்சர், வாங்க. பூவரசு முந்திரிக் கொல்லைக்குப் போயிருக்கான், இந்தா வந்துடுவான். மொதல்ல டீயக் குடிங்க. கையெழுத்து எங்க ஓடிடப் போவுது?”

டீ வந்தது, முறுக்கு வந்தது, அதன் பின்னாலேயே ஜெயசித்ராவின் செல்போனும் வந்தது. மகளுக்கு ஒன்பதாம் மாதம். வளைகாப்புப் படங்களை வந்தவர்களுக்கெல்லாம் காட்டாமல் அவளால் இருக்க முடியவில்லை.

“இது எங்க நாத்தனாரு. இது மாப்ள வூட்டுக்காரங்க. இந்தா பாருங்க, எம்மவன் சாம்பார் வாளியோட நிக்கிறத. ஒரு எடத்துல ஒக்காரலயே டீச்சர் அன்னிக்கு. பந்தி மொத்தமும் அவன்தான் பாத்துக்கிட்டான்.”

நீலச் சட்டையும் மடித்துக் கட்டிய வேட்டியுமாகப் பூவரசன் சிரித்துக்கொண்டிருந்தான். வெற்றிச்செல்வியும் சிரித்தாள்.

“நல்லாருக்கு. எப்ப வச்சீங்க?”

“போன மாசம் ரெண்டாவது ஞாயித்துக்கெழம. நல்ல முகூர்த்தமாச்சே, மண்டபமே கெடக்கல. வூட்டுலயே பந்தல் போட்டுட்டோம்.”

வெற்றிச்செல்வியின் கையில் இருந்த முறுக்கு பாதியில் நின்றது. திருமானூர் இறுதி ஆட்டமும் போன மாதம் இரண்டாவது ஞாயிறுதான். காலை பதினோரு மணிக்குத் தொடங்கியது.

போனை வாங்கிப் படத்தை மேலே தள்ளினாள். எடுத்த நேரம் பதினொன்று இருபது. கங்கைகொண்ட சோழபுரத்தில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தவன் அதே நேரத்தில் திருமானூரில் கணுக்கால் பிடித்திருக்க முடியாது.

அப்படியானால் அந்த ஏழாம் நம்பர் யார்?

பூவரசன் வந்து சைக்கிளை நிறுத்துவதற்குள் கேட்டுவிட்டாள்.

“திருமானூர்ல ஏழு நம்பர் போட்டு ஆடுனது யாருப்பா?”

“நான் இல்லீங்க டீச்சர். அன்னிக்கு அக்கா வளைகாப்பு. நம்ம அறிவுதான் எறங்குனான்.”

“எந்த அறிவு?” தெரிந்துகொண்டேதான் கேட்டாள்.

“ஒங்க தம்பி மவன் அறிவரசன்தான். ஏன் டீச்சர், ஒங்களுக்குத் தெரியாதா?”

“டீம் லிஸ்ட்டுல ஏழுக்கு நேரா ஓம்பேருதானய்யா இருக்கு!”

பூவரசன் தலையைச் சொறிந்தான். “லிஸ்ட்டு வருசத் தொடக்கத்துல எழுதுனது. எங்க டீம்ல நம்பரு ஆளுக்கு இல்ல டீச்சர், எடத்துக்கு. சிமெண்டுக் கடைக்காரரு ஏழே ஏழு ஜெர்சிதான் தச்சுக் குடுத்தாரு. இடது மூலையில எவன் நிக்கிறானோ அவனுக்கு ஏழு. பெஞ்சுல ஒக்கார்றவனுக்குச் சொந்த பனியன். நான் வரலன்னா தொவச்சு அறிவுகிட்டக் குடுத்துடுவேன்.”

வெற்றிச்செல்வி ஆடிய காலத்தில் முதுகில் நம்பரே கிடையாது. ஆளைப் பார்த்துத்தான் ஆளைச் சொல்வார்கள். நம்பர் வந்த பிறகு அவளும் நம்பரையே பார்க்கப் பழகிவிட்டாள். இரண்டு கையும் பழக்கமாம்! இரண்டு பேருடைய கையை ஒரே உடம்பில் ஒட்டவைத்து, ஒன்றுக்கு இரண்டாக ஆச்சரியக்குறி வேறு போட்டிருக்கிறாள்.

வெட்கமாக இருந்தது. அதைவிட வேறொன்று நெஞ்சைப் பிடித்தது. இடது கைப் பழக்கம் உள்ள பையன் அவள் குடும்பத்திலேயே இருக்கிறான். ஒன்றாம் வகுப்பில் அறிவரசன் இடது கையால் எழுதியபோது எல்லோரும் அதட்ட, எழுதட்டும் விடுங்கள் என்று சண்டை போட்டவள் அவள்தான். பன்னிரண்டு முறை பார்த்தும் அந்தக் கையை அடையாளம் தெரியவில்லை. கலைமணி கேட்டது சரிதான். பார்த்துக்கொண்டேதான் பார்க்கவில்லை.

முந்திரிக்கொட்டைக்குப் பக்கத்தில் நின்று பெரம்பலூருக்குப் போன் போட்டாள். தேர்வுக் குழுத் தலைவர் ராஜதுரை கடைசிவரை குறுக்கிடாமல் கேட்டார்.

“அப்ப பேர மாத்தணுங்கிறீங்க. யாரு பேருக்கு?”

“அதான் சார் பிரச்சனையே. எந்தம்பி மகன் பேருக்கு.”

அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டது. “டீச்சர், நான் ஒங்கள நம்புறேன். ஆறு டீம்காரன் நம்பணுமே? கடைசி நாள்ல அத்தக்காரி பேர மாத்திட்டான்னு பேசுவான். அந்தப் பையன எவனும் தொட மாட்டான்.”

“அதுக்காகப் பொய்யான குறிப்ப அனுப்பச் சொல்றீங்களா?”

“அனுப்பாதீங்க. ஒண்ணு பண்ணுங்க. அந்தப் பக்கத்த ரெண்டு பசங்ககிட்டயும் குடுங்க. எது தன்னோட ஆட்டம்னு அவனவனே வரிக்கு வரி கையால எழுதட்டும். ஒரு வரிய ரெண்டு பேரும் தன்னோடதுன்னு சொல்லக் கூடாது, எவனும் சொல்லாமலும் விடக் கூடாது. அப்படியே போட்டோ எடுத்து ஆறு மணிக்குள்ள அனுப்புங்க. படிச்சுட்டுப் பேர நான் எழுதிக்கிறேன்.”

உள்ளே வந்து விஷயத்தைச் சொன்னபோது ஜெயசித்ராவின் முகம் சுண்டிவிட்டது.

“அப்ப இவன் பேரு போயிடுமா டீச்சர்? ஊரெல்லாம் சொல்லிட்டேனே.”

“தெரியலீங்க. தப்பு எம்மேலதான். மன்னிச்சுக்குங்க.”

பூவரசன் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் படித்தான். ஐந்து வரிகளுக்கு நேராகப் ‘பூ’ என்று எழுதினான். அவசரம் என்றிருந்த வரிக்கும் எழுதினான். அதைப் பார்த்து அவன் அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள். கணுக்கால் வரிக்கும் இரண்டு கை வரிக்கும் வந்தபோது பேனாவைத் தூக்கிக்கொண்டான்.

கடைசி வரியில் மட்டும் அவன் கண் கொஞ்சம் தங்கியது.

“இதுவும் நான் இல்லீங்க டீச்சர்” என்று நோட்டை மூடிக் கொடுத்தான்.

மீன்சுருட்டியில் கலைமணியின் வெல்டிங் பட்டறைக்குப் போய்ச் சேரும்போது மணி ஐந்தேகால். அவன் ஒரு கிரில் கேட்டின்மேல் குனிந்திருந்தான். அக்காவின் ஸ்கூட்டிச் சத்தம் தெரியாதவனா? தெரிந்தும் முகக்கவசத்தைத் தூக்கவில்லை.

“கலைமணி.”

தீப்பொறி பறந்தது.

“டேய், திருமானூர்ல ஆடுனது அறிவுன்னு எனக்குத் தெரியாதுடா. சத்தியமா தெரியாது. பூவரசன்னு நெனச்சுத்தான் பாத்தேன்.”

தீப்பொறி நின்றது. முகக்கவசம் மெல்ல மேலே போனது.

“தெரியாதா? அந்த வீடியோவ செயலாளரு ஒனக்கு அனுப்பிட்டேன்னு சொன்ன அன்னிக்கு, இந்தத் தெருவுக்கே டீ வாங்கிக் குடுத்தேன்க்கா. எங்கக்கா பாத்துட்டா, போதும்னு. நீ பந்தியில ஒக்காந்துகிட்டு அவன் ஆடியே பாக்கலங்கிற.” வெல்டிங் கம்பியைக் கீழே போட்டான். “தானாடாட்டாலும் தன் சதை ஆடும்பாங்க. ஒனக்கு ஆடவே இல்லையே.”

அடுக்கி வைத்திருந்த இரும்புக் குழாய்களின்மேல் உட்கார்ந்து அழுதுவிட்டாள். நாற்பத்திரண்டு வயதில், டிராக் சூட்டும் கழுத்தில் விசிலுமாக. கலைமணிக்கு அது தாங்கவில்லை. தண்ணீர் பாட்டிலை எடுத்து அவள் பக்கத்தில் வைத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

“என்னாச்சு அத்த?”

பட்டறைக்குப் பின்னாலிருந்து அறிவரசன் வந்தான். பதினெட்டு வயது. தோளில் அப்பா, நிறத்தில் அம்மா மஞ்சு. கையில் பெயிண்ட் பிரஷ். இடது கையில்தான்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். நோட்டைத் திறந்து காட்டினாள். அவன் நின்றபடியே படித்தான். கணுக்கால் வரியை இரண்டு முறை படித்தது உதட்டசைவில் தெரிந்தது.

“அத்த, இத எழுதுறப்ப இது நான்னு ஒங்களுக்குத் தெரியாதா?”

“தெரியாதுடா. அத்தைய மன்னிச்சுடு.”

“அட, என்னாத்துக்கு?” அவன் முகமெல்லாம் சிரிப்பாகிவிட்டது. “நான்னு தெரிஞ்சு எழுதிருந்தா, அத்த அப்படித்தான் எழுதும்னு விட்ருப்பேன். தெரியாம எழுதிருக்கீங்க பாருங்க, இதுதான் அத்த எனக்கு வேணும்.”

ஒருவர் கோபப்படுவதற்கும் ஒருவர் அழுவதற்கும் காரணமாக இருந்த ஒன்று மூன்றாமவருக்குச் சந்தோஷமாக இருந்தது. வெற்றிச்செல்வி மூக்கைத் துடைத்துக்கொண்டு அவனை நிமிர்ந்து பார்த்தாள். நம்பரை அல்ல, முகத்தை.

“எழுதிக் குடுத்தா எடுப்பாங்களா அத்த?”

“சொல்ல முடியாது. ராஜதுரை சார் படிச்சுட்டு முடிவு பண்ணுவாரு. ரெண்டு பேர்ல ஒருத்தர்தான்.”

“பூவரசன் எழுதிட்டானா?”

“எழுதிட்டான். அவன் அவசரக்காரன்ங்கிறதயும் சேத்து.”

அறிவரசன் பிரஷைக் கீழே வைத்துக் கையைத் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினான். மிச்சம் நான்கு வரிகள். கணுக்கால் வரிக்கு நேராக ‘அ’ எழுதினான். இடது கை முந்துகிறது என்ற வரிக்கு எழுதினான். ‘பக்கத்தில் நிற்பவனைக் கண்ணாலேயே இழுத்து வருகிறான்’ என்ற வரிக்கும் எழுதினான், கொஞ்சம் வெட்கத்தோடு. கலைமணி மெல்ல மெல்ல நகர்ந்து மகனின் தோளுக்குப் பின்னால் வந்து நின்றிருந்தான். நிற்பதுபோல் காட்டிக்கொள்ளவில்லை.

கடைசி வரியில் பேனா நின்றது.

‘பிடித்து விழும்போது இடது முழங்கால் தரையில் படாமல் பார்த்துக்கொள்கிறான். பழக்கமா, வலியா?’

பன்னிரண்டு முறை வீடியோவைப் பார்த்ததில் வெற்றிச்செல்விக்கு உருப்படியாகக் கிடைத்த கேள்வி அது ஒன்றுதான். இப்போது அவளே அந்த வரியை அங்கிருந்து எடுத்துவிட முடியாதா என்று நினைத்தாள்.

அறிவரசன் அப்பாவைப் பார்க்கவில்லை, அத்தையைப் பார்க்கவில்லை. ‘அ’ என்று எழுதினான். பிறகு அதன் பக்கத்திலேயே, கேட்ட கேள்விக்குப் பதிலாக, ‘வலி’ என்றும் எழுதினான்.

“எப்பலேந்துடா?” கலைமணியின் குரல் காற்றாக வந்தது.

“தை மாசத்துலேந்து.”

“எங்கிட்டச் சொல்லவே இல்லையே!”

“சொன்னா ஆட விட மாட்டீங்கப்பா. பூவரசனுக்கு மட்டும் தெரியும்.”

பட்டறைச் சுவரில் கடிகாரம் ஆறு ஆகப் பத்து நிமிடம் என்றது. வெற்றிச்செல்வி போனை எடுத்து, நோட்டை வெளிச்சத்தில் வைத்து, கேமராவை நேராகப் பிடித்தாள். திரையில் ஒன்பது வரிகளும் தெரிந்தன. அடுத்த நிமிடம் எட்டு வரிகள்தான் தெரிந்தன. கலைமணியின் கட்டைவிரல், வெல்டிங் சூடு பட்டுக் கறுத்த கட்டைவிரல், கடைசி வரியின்மேல் அழுந்தியிருந்தது.

“இத விட்டுட்டு எடுக்கா.”

“கலைமணி…”

“நாளைக்கு டிராஃப்ட்டுக்கு முன்னாடி டாக்டருங்க பாக்கப் போறாங்கல்ல, அவங்க சொல்லட்டும். இப்பயே எழுதிக் குடுத்தா கூப்புடவே மாட்டாங்க. பூவரசனத் தேர்ந்தெடுத்தப்ப நான் ஒன்னக் கையப் புடிச்சுக் கேக்கல. இத மட்டும் கேக்குறேன். ஒரு வரிக்கா. ஒரே ஒரு வரி.”

அவள் தம்பியைப் பார்த்தாள். அவன் கண்ணில் கோபம் இல்லை. அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

“அப்பா” என்றான் அறிவரசன். “அந்த நல்ல வரிய மாதிரியே இதையும் நான்னு தெரியாமத்தாம்ப்பா அத்த எழுதுனாங்க. கைய எடுங்க.”

ராஜதுரையின் பெயரோடு போன் வெற்றிச்செல்வியின் கையிலேயே அதிரத் தொடங்கியது.

கலைமணி கையை எடுக்கவில்லை.